இருபத்தெட்டு கற்றுக்கொள்ள: விளியைக் கடைசிக்கு வையுங்கள்

மதுரையிலிருந்து மாற்றலாகி மார்த்தாண்டம் வந்திருக்கிறீர்கள். ரம்மி தவிர வேறு சீட்டாட்டம் தெரியாது. உடன் வேலை செய்பவர்கள் சாயங்காலம் கூடி இருபத்தெட்டு ஆடுகிறார்கள், அவர்கள் சத்தம் போடுவது ஏன் என்றுகூடப் புரியவில்லை, அவர்களுக்குத் தொந்தரவாக இல்லாமல் எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ரம்மி நன்றாக ஆடுபவர் இருபத்தெட்டில் திணறுவதை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மூளை குறைவு என்று அர்த்தமில்லை. சொல்லிக்கொடுக்கும் வரிசை தப்பாக இருக்கிறது.

ஆட்டம் தொடங்குவது விளியில், அதாவது நம் ஜோடி இவ்வளவு புள்ளி எடுக்கும் என்று ஏலம் போலச் சொல்வதில். ஆளுக்கு நாலு சீட்டு வந்ததும் "பதினாலு", "பதினஞ்சு", "பாஸ்" என்று விளித்துப் போவார்கள். அதனால் கற்றுக்கொடுப்பவரும் அங்கேயே தொடங்குகிறார். ஆனால் 14 என்று சொல்வதற்கு, 14 புள்ளி சேர்ப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிடி (ஒரு சுற்றில் நாலு பேரும் போடும் நாலு சீட்டு) எப்படி விழும், எப்படிப் பறிபோகும் என்று தெரியாதவர் விளிப்பது வெறும் குத்துமதிப்பு. ஆகவே நான் சொல்லும் வழி தலைகீழானது: முதலில் துருப்பே (மற்ற இனச் சீட்டுகளை வெட்டும் இனம்) இல்லாமல் பிடி எடுக்கப் பழகுங்கள், பிறகு திறந்த துருப்பு, பிறகு மறைத்த துருப்பு, எல்லாம் கைக்கு வந்தபின் விளி.

முதலில் சீட்டைத் தயார் செய்வோம். ஒரு கட்டில் 52 சீட்டு. அதில் 2 முதல் 6 வரை உள்ள இருபதையும் எடுத்துவிட்டால் மீதி 32. ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் நாலு இனத்திலும் எட்டு எட்டு. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஜோடி. சீட்டுப் போடுவதும் ஆடுவதும் வலது கைப்பக்கமாகச் சுற்றும். மதிப்பு வரிசைதான் ரம்மிக்காரரை முதலில் தடுமாற வைக்கும். ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல், அதற்கு 3 புள்ளி. அடுத்தது ஒன்பது, 2 புள்ளி. அதற்கடுத்து ஏஸ் 1, பத்து 1. ராஜா, ராணி, எட்டு, ஏழு நாலுக்கும் புள்ளியே கிடையாது, பலமும் அந்த வரிசையில்தான். ஓர் இனத்துக்கு 7 புள்ளி, நாலு இனத்துக்கு 28. ஆட்டத்தின் பெயர் அதிலிருந்துதான்.

ராஜாவையும் ராணியையும் விட்டுவிட்டு ஜாக்கியையும் ஒன்பதையும் தலையில் வைப்பது நம் ஊர்க் கற்பனை இல்லை. சுவிட்சர்லாந்தின் யாஸ், டச்சுக்காரர்களின் கிளாவர்யாஸ், பிரெஞ்சுக்காரர்களின் பெலோட் எல்லாவற்றிலும் துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும்தான் தலை. டச்சுக்காரர்கள் 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்து 1795 வரை வைத்திருந்தார்கள். அவர்கள் வழியாக இந்தக் குடும்பத்து ஆட்டம் மலபார்க் கரையில் இறங்கியது என்பது சீட்டாட்ட வரலாறு எழுதுபவர்கள் பரவலாகச் சொல்லும் கருத்து. உங்கள் அலுவலகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் குளச்சலில்தான் 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அவர்கள் போனாலும் ஜாக்கி தங்கிவிட்டது. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையில் தமிழர்கள் ஆடும் 304 இதன் உடன்பிறப்பு: அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. வங்காளத்தில் இதையே 29 என்று ஆடுகிறார்கள். கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி கூட. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, அந்தப் பக்கம் செங்கோட்டையும் வந்தது. ஆட்டம் எல்லைக் கல்லைக் கவனிக்கவில்லை. இந்தப் பக்கம் களியக்காவிளையில் ஆடுவதும் கேரளத்துப் பாறசாலையில் ஆடுவதும் ஒன்றுதான், சின்னச் சின்ன வழக்கங்கள்தான் மாறும்.

இனி பயிற்சி. உங்களைப் போல் கற்றுக்கொள்ள ஆசைப்படும் இன்னும் மூன்று பேரைக் கூட்டுங்கள், அல்லது வீட்டில் உள்ளவர்களை உட்கார வையுங்கள். எட்டு எட்டாகச் சீட்டைப் போட்டுவிட்டு, துருப்பு என்று எதுவும் இல்லாமல் ஆடுங்கள். போட்டவருக்கு வலப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டை இறக்குவார். எந்த இனம் இறங்குகிறதோ அதே இனம் கையில் இருந்தால் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் எதையும் போடலாம். இறங்கிய இனத்தில் பெரிய சீட்டு போட்டவருக்குப் பிடி, அவரே அடுத்த சீட்டை இறக்குவார். எட்டுப் பிடி முடிந்ததும் இரண்டு ஜோடியும் புள்ளியைக் கூட்டிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்தால் 28 வர வேண்டும்.

இது சிறுபிள்ளை ஆட்டம் போலத் தோன்றும். ஆனால் இருபத்தெட்டின் பாதி இங்கேதான் இருக்கிறது. முதலாவது, போட்டுக்கொடுப்பது. எதிரே உங்கள் ஜோடி ஆட்டின் ஜாக்கியை இறக்குகிறார். அந்தப் பிடி அவருக்குத்தான் என்று நிச்சயம். உங்கள் கையில் ஆட்டின் ஏழும் பத்தும் இருக்கின்றன. ரம்மிக்காரர் கை தானாக ஏழுக்குப் போகும், பெரியதைச் சேமித்து வைக்கலாம் என்று. இங்கே பத்தைப் போட வேண்டும். நம் பிடியில் நம் புள்ளி விழ வேண்டும், எதிராளி பிடியில் நம்முடைய வெறும் சீட்டு விழ வேண்டும். இந்த ஒரு பழக்கம் விரலுக்கு வந்துவிட்டால், கூட ஆடுபவர்கள் உங்களை ஆட்டக்காரராக மதிக்கத் தொடங்குவார்கள்.

இரண்டாவது, ஒன்பது. இருபத்தெட்டில் அதிகம் புள்ளி இழப்பது இந்தச் சீட்டால்தான். உங்கள் கையில் ஓர் இனத்தின் ஒன்பது இருக்கிறது, ஜாக்கி இல்லை. அந்த ஜாக்கி மீதி மூவரில் யாரிடமும் இருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு எதிராளியிடம். ஆகவே ஒன்பதை நீங்களாக இறக்கினால் ஜாக்கி மேலே விழுந்து ஒரே பிடியில் 5 புள்ளி போய்விடும். ஜாக்கி விழும்வரை காத்திருங்கள். சரி, உங்கள் ஜோடியே ஜாக்கியை இறக்கிவிட்டார், உங்களிடம் ஒன்பதும் ஏழும் இருக்கின்றன. ஜாக்கி போனபின் ஒன்பதுதான் அந்த இனத்துக்குத் தலை. வைத்திருந்தால் அடுத்த சுற்றில் தனியாக ஒரு பிடி எடுக்கலாமே என்று தோன்றும். துருப்பு இல்லாத இந்தப் பயிற்சியில் அது சரி. நிஜ ஆட்டத்தில் பெரும்பாலும் தப்பு. ஓர் இனத்தில் எட்டே சீட்டு. முதல் சுற்றில் நாலு போய்விட்டால் மீதி நாலு எப்படிப் பிரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டாவது சுற்றில் யாராவது ஒருவரிடம் அந்த இனம் தீர்ந்திருக்கும், அவர் வெட்டிவிடுவார். கையிலிருக்கும் ஒன்பதை ஜோடியின் ஜாக்கியோடு அனுப்பினால் 2 புள்ளி உறுதி. துருப்பு முழுக்க நம் பக்கம் வசப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் வைத்திருங்கள். இந்த முடிவை ஆட்டத்துக்கு ஆட்டம் யோசித்து எடுக்கப் பழகுவதுதான் முதல் கட்டத்தின் முக்கியமான பாடம்.

மூன்றாவது, எண்ணிக்கை. "போன சீட்டெல்லாம் ஞாபகம் வெச்சுக்கணும்" என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 32 சீட்டையும் முதல் வாரத்திலேயே மனதில் நிறுத்தப் பார்த்தால் வெறுத்துவிடும். முதலில் நாலு ஜாக்கியை மட்டும் கவனியுங்கள்: எது விழுந்தது, எது பாக்கி. அது சிரமமில்லாமல் வந்தபின் நாலு ஒன்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த எட்டுச் சீட்டிலேயே 20 புள்ளி அடங்கிவிடுகிறது. பிறகு துருப்பு எத்தனை விழுந்தது என்ற கணக்கு. இந்த மூன்றும் போதும், நல்ல ஆட்டக்காரர்களோடு உட்காரலாம்.

அடுத்த கட்டம் சுலபமானது, சீக்கிரம் தாண்டிவிடலாம். சீட்டைப் போட்டபின் ஏதாவது ஓர் இனத்தைத் துருப்பு என்று எல்லோருக்கும் தெரியும்படி வைத்து ஆடுங்கள். இறங்கிய இனம் கையில் இல்லாதவர் துருப்பால் வெட்டலாம். இரண்டு பேர் வெட்டினால் பெரிய துருப்புக்குப் பிடி. ஜாக்கியே ஆனாலும் துருப்பு ஏழுக்கு முன்னால் விழுந்துவிடும். ஒரு சாயங்காலம் இப்படி ஆடினால் போதும்.

மறைத்த துருப்புதான் இந்த ஆட்டத்தின் உயிர். இதில் நிதானமாக நில்லுங்கள். விளியில் ஜெயித்தவர் தன் முதல் நாலு சீட்டிலிருந்து ஒன்றைக் கவிழ்த்து வைக்கிறார், அதன் இனம்தான் துருப்பு. அவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவருடைய ஜோடிக்கும் தெரியாது. மீதி நாலு சீட்டும் போட்டபின் ஆட்டம் தொடங்குகிறது. அது கவிழ்ந்திருக்கும்வரை துருப்புக்கு எந்தத் தனிப் பலமும் இல்லை, மற்ற இனங்களைப் போலத்தான் விழும். யாரிடமாவது இறங்கிய இனம் இல்லையென்றால், அவர் முன்னால் இரண்டு வழி. பேசாமல் வேறு ஒரு சீட்டைத் தள்ளலாம். அல்லது துருப்பைத் திறக்கச் சொல்லலாம். திறக்கச் சொன்னவரிடம் துருப்பு இருந்தால் அந்தப் பிடியில் அதைப் போட்டே ஆக வேண்டும். கவிழ்த்தவர் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டுக் கையில் எடுத்துக்கொள்வார். அங்கிருந்து ஆட்டத்தின் முகமே மாறிவிடும். துருப்பு வைத்தவரும் தன்னிடம் இறங்கிய இனம் இல்லாதபோது தானே திறந்து வெட்டலாம். திறக்கும்வரை அவர் துருப்பு இனத்தை இறக்கக் கூடாது, கையில் வேறு எதுவுமே இல்லாத நிலை தவிர.

இந்த விதியிலிருந்து நிறைய விஷயம் கிளைக்கிறது. நீங்கள் துருப்பு வைத்தவருக்கு எதிர்ப்பக்கம் (அதாவது எதிராளி ஜோடி), கையில் ஒரு ஜாக்கி இருக்கிறது என்று வையுங்கள். துருப்பு திறக்காதவரை அந்த ஜாக்கியை யாரும் சும்மா வெட்டிவிட முடியாது, திறந்துதான் வெட்ட வேண்டும். முதல் சுற்றில் ஓர் இனம் இறங்கும்போது பெரும்பாலும் நாலு பேரிடமும் அது இருக்கும். ஆகவே எதிர்ப்பக்கம் இருப்பவர் பக்க ஜாக்கிகளை (துருப்பு அல்லாத இனங்களின் ஜாக்கிகளை) சீக்கிரம் இறக்கிப் புள்ளியை எடுத்துவிட வேண்டும். அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று பிடித்து வைப்பவர் கையில் அது துருப்பு எட்டுக்குப் பலியாகும்.

துருப்பு வைத்தவர் பக்கம் கணக்கு வேறு. அவருக்குத் துருப்பு சீக்கிரம் திறந்து தன் கைக்குப் பலம் வர வேண்டும். தானாக இறக்க முடியாது. அதனால் கையில் ஒற்றையாக இருக்கும் பக்கச் சீட்டை முதலில் கழிப்பார். அந்த இனம் மறுபடி வரும்போது திறந்து வெட்டலாம். இதைத் தெரிந்துகொண்டால் எதிர்ப்பக்கம் இருந்து துருப்பைக் கண்டுபிடிக்கவும் முடியும். அவர் இறக்கிய இனங்கள் துருப்பு இல்லை. அவர் தொடவே தொடாமல் சுற்றிப் போகும் இனம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். வயதான ஆட்டக்காரர்கள் மூன்றாவது பிடியிலேயே "இஸ்பேட் தானே" என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடுவது இப்படித்தான்.

திறக்கச் சொல்லும் உரிமையைப் புதியவர்கள் வீணாக்குவார்கள். இனம் இல்லை என்றதும் ஆசையில் "தொறங்க" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பிடியில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ராணியும் எட்டும் கிடக்கிற வெறும் பிடிக்காகத் துருப்பைத் திறந்தால் எதிராளிக்குத்தான் உதவி செய்கிறீர்கள். உங்கள் ஜோடி பிடியை எடுக்கும் நிலையில் இருந்தால் திறக்கவே வேண்டாம், ஒரு பத்தையோ ஏஸையோ அதில் தள்ளிக்கொடுங்கள். நாலைந்து புள்ளி எதிராளிக்குப் போகப்போகிறது, உங்களிடம் வெட்ட வாய்ப்பும் இருக்கிறது என்றால் அப்போது தயங்காதீர்கள்.

இவ்வளவும் ஆடிப் பார்த்தபின் விளிக்கு வாருங்கள். இப்போது அது பயமாக இருக்காது.

சராசரியாக நாலு சீட்டில் மூன்றரைப் புள்ளி வரும், எட்டில் 7. பொதுவாக விளி 14இல் தொடங்குகிறது, அதாவது மொத்தத்தில் பாதி. போட்டவருக்கு வலப்பக்கம் இருப்பவர் கட்டாயம் விளிக்க வேண்டும், அடுத்தவர்கள் ஏற்றலாம் அல்லது பாஸ் சொல்லலாம். உங்களுக்கு வந்தது டைமன் ஜாக்கி, டைமன் ஒன்பது, டைமன் ஏழு, கிளாவர் ஏஸ் என்று வைத்துக்கொள்வோம். கையில் 6 புள்ளி. வெளியே 22 புள்ளி 28 சீட்டில் பரவியிருக்கிறது. சராசரிக் கணக்கில் உங்களுக்கு அடுத்து வரும் நாலில் மூன்றுக்குக் கொஞ்சம் மேலேயும், ஜோடியின் எட்டில் ஆறுக்குக் கொஞ்சம் மேலேயும் விழ வேண்டும். கூட்டினால் 15 சொச்சம். கையில் இருக்கும் புள்ளி எல்லாம் நம்மிடமே தங்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் துருப்பில் முதல் இரண்டு சீட்டும் உங்களிடம் இருப்பதால் எதிராளியிடமிருந்தும் பிடுங்கலாம். அடுத்த நாலில் இன்னொரு டைமனாவது வர நூற்றுக்கு ஏறக்குறைய 57 வாய்ப்பு. இந்தக் கைக்கு 16, 17 வரை தைரியமாகப் போகலாம், ஜோடியும் விளியில் ஏறியிருந்தால் 18. கவிழ்த்து வைப்பது டைமன் ஏழை. ஜாக்கியை அங்கே சிறை வைக்க வேண்டாம்.

இன்னொரு கை: ஆட்டின் ஜாக்கி, கிளாவர் ஜாக்கி, இஸ்பேட் பத்து, டைமன் எட்டு. 7 புள்ளி, முந்தியதைவிட ஒன்று கூட. புதியவர் இரண்டு ஜாக்கியைக் கண்டதும் 18 என்று பாய்வார். எதைத் துருப்பாக வைப்பார்? எந்த இனமும் ஒன்றுக்கு மேல் இல்லை. கவிழ்த்து வைத்தபின் அந்த இனம் எதிராளி கையில் ஐந்தாறு இருந்தால் அவருடைய துருப்பே அவரை அடிக்கும். இப்படிப்பட்ட கையோடு பாஸ் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் இருந்து ஆடுவது நல்லது. முன்னே சொன்னபடி துருப்பு திறக்குமுன் இரண்டு ஜாக்கியையும் இறக்கினால் எதிராளியின் விளியைக் கவிழ்க்க அதுவே பாதி வேலை செய்துவிடும். விளிக்கு முதலில் பார்க்க வேண்டியது ஓர் இனத்தின் நீளம், அதற்குப் பிறகுதான் புள்ளி. ஜாக்கியோடு சேர்ந்து மூன்று இருந்தால் விளிக்கலாம். ஜாக்கி இல்லாத மூன்றோடு 14க்கு மேலே ஏற எனக்கு மனம் வராது.

உங்கள் ஜோடியின் விளியைக் காதுகொடுத்துக் கேளுங்கள். அவர் ஒரு முறை ஏறிவிட்டு நின்றார் என்றால் அவரிடம் ஏதோ ஓர் இனம் இருக்கிறது, உங்களுக்கு உதவியாக வரும். எடுத்ததும் பாஸ் என்றால் அவரை நம்பி ஏற வேண்டாம். இதைத் தாண்டி ஜோடிக்குக் கண் காட்டுவது, இருமுவது, சீட்டை ஒரு மாதிரித் தட்டிப் போடுவது எல்லாம் கள்ளாட்டம். சிலர் அதை விளையாட்டாகச் செய்வார்கள். நீங்கள் தொடக்கத்திலேயே அதில் சேராமல் இருங்கள். அதில் பழகியவருக்குச் சீட்டைப் படிக்கும் திறமை வளர்வதே இல்லை.

ஒரு புதிய குழுவில் உட்காரும் முன் சில விஷயங்களைக் கேட்டு வையுங்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் மாறும். குறைந்த விளி 14ஆ, 16ஆ? ஜோடி விளித்ததற்கு மேலே விளிக்க 20 வேண்டுமா? எட்டுச் சீட்டும் வந்தபின் இரண்டாவது விளி உண்டா? கையில் புள்ளியே வராதவர் கலைத்துப் போடச் சொல்லலாமா? துருப்பு திறந்த அதே பிடியில் முன்னதாக விழுந்த துருப்புச் சீட்டுக்குப் பலம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகச் சண்டைக்குக் காரணம், மறக்காமல் கேளுங்கள். சில இடங்களில் 'தனி' என்று ஒன்று ஆடுவார்கள்: துருப்பும் இல்லை, ஜோடியும் சீட்டைக் கவிழ்த்துவிடுவார், எட்டுப் பிடியையும் ஒருவரே எடுக்க வேண்டும். அதைப் பார்த்து ரசியுங்கள், இப்போதைக்கு நீங்கள் சொல்ல வேண்டாம்.

கணக்கு எழுதுவதும் வழக்கப்படிதான். நான் ஆடும் இடங்களில் 20க்குக் கீழ் விளித்து எடுத்தால் 1, தோற்றால் 2 போகும். 20 முதல் 24 வரை எடுத்தால் 2, தோற்றால் 3. அதற்கு மேல் 3, 4. தோல்விக்கு எப்போதும் ஒன்று கூடுதல் என்பதால் கண்மூடித்தனமாக விளிப்பவர் நீண்ட ஆட்டத்தில் நிற்க மாட்டார். கழித்து வைத்த ஆறுகளில் ஒவ்வொரு ஜோடியும் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் எடுத்து, ஒன்றை ஒன்று மூடி, தெரியும் புள்ளியை வைத்துக் கணக்கு வைப்பதும் உண்டு. தாள் பேனா தேவையில்லை.

இனி தொந்தரவு பற்றிய உங்கள் கவலை. நன்றாக ஆடுபவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "அண்ணே, பொறத்தால இருந்து பாத்துக்கிடட்டா?" என்று கேளுங்கள். இந்த ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் சில கட்டுப்பாடு உண்டு. ஒரே ஆளின் பின்னாலேயே இருங்கள்; எழுந்து இன்னொருவர் சீட்டைப் பார்க்கக் கூடாது. முகத்தில் எதையும் காட்டாதீர்கள். அவர் கைக்கு நாலு டைமன் வந்ததும் உங்கள் கண் விரிந்தால் எதிரே இருப்பவர் அதையும் படித்துவிடுவார். ஆட்டத்தின் நடுவில் கேள்வி கேட்காதீர்கள், கை முடிந்து சீட்டைக் கலைக்கும்போது "அந்த மூணாவது பிடியில ஒம்பதை ஏன் விட்டீங்க?" என்று கேளுங்கள். நல்ல ஆட்டக்காரருக்கு அந்தக் கேள்வியைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. அடுத்த கை போடுவதை நிறுத்திவைத்து விளக்குவார். கேட்பதற்கு முன் அந்த இடத்தில் நீங்கள் என்ன போட்டிருப்பீர்கள் என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருங்கள். வித்தியாசம் வரும் இடத்தில்தான் கற்றுக்கொள்வீர்கள்.

அதற்கு நல்ல காலம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. ரப்பர் மரத்தில் மழைக்குப் பால் வெட்ட முடியாத நாட்களில் தோட்டக்காரர்கள் காலையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மற்ற நாட்களிலும் வெட்டு வேலை விடிகாலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் பிற்பகல் ஆட்டம் உண்டு. கல்யாண வீட்டில் முந்தின இரவு காய்கறி வெட்டும் பந்தலுக்குப் பக்கத்தில் விடிய விடிய நடக்கும் ஆட்டத்தையும் தவறவிடாதீர்கள். அங்கே எல்லை தாண்டி வந்த சம்பந்திக்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் மலையாளத்தில் விளிப்பார்கள், இவர்கள் தமிழில் பாஸ் சொல்வார்கள், ஒரு கை கூடத் தடைபடாது. தோற்றவர் காதில் குணுக்கு என்று எதையாவது தொங்கவிட்டு, அடுத்த ஆட்டம் ஜெயிக்கும்வரை அதோடு உட்கார வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெரிய மனிதர்களும் காதில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கும் வரும், மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வைத்து ஆடும் இடத்தில் மட்டும் உட்காராதீர்கள். தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் கேரளத்தில் 1960ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கின்றன, அரசு அல்லது வங்கி வேலையில் இருப்பவருக்கு அந்த வம்பு வேண்டாம். சட்டத்தை விடுங்கள், கற்றுக்கொள்பவருக்கே அது கெடுதல். காசு போகும் என்ற பயத்தில் பாஸ் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள், விளிக்கவே கற்றுக்கொள்ள மாட்டீர்கள். உங்கள் ஜோடிக்கும் உங்களால் நஷ்டம், அந்த வருத்தம் மறுநாள் அலுவலகம்வரை வரும். குணுக்கு ஆட்டத்தில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஜோடியைப் பற்றியும் ஒன்று. தோற்ற கைக்குப் பிறகு நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், "லே, ஜாக்கிய வெச்சிட்டு என்ன செய்த?" என்று உங்களிடம் சத்தம் வரும். இங்கே அது கோபம் இல்லை, ஆட்டத்தின் பகுதி. பதிலுக்கு நீங்களும் காரணம் சொல்லலாம், சொல்ல வேண்டும். காரணத்தோடு போட்ட சீட்டு தோற்றாலும் யாரும் மனதில் வைக்க மாட்டார்கள். முடிந்தவரை ஒரே ஆளோடு தொடர்ந்து ஜோடியாக ஆடுங்கள். அவர் எப்போது துணிவார், எப்போது பதுங்குவார் என்று தெரிந்தால் அவர் விளியே உங்களுக்குப் பாதி கையைக் காட்டிவிடும்.

இருபத்தெட்டு கைவந்தபின் ஐம்பத்தாறுக்குக் கூப்பிடுவார்கள். ஆறு பேர், மூன்று மூன்று பேராக ஒருவர் விட்டு ஒருவர் உட்காருவார்கள். இரண்டு கட்டிலிருந்து ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி மட்டும், ஆக 48 சீட்டு, ஆளுக்கு எட்டு. புள்ளி 56, விளி 28இல் தொடக்கம். எட்டுச் சீட்டையும் பார்த்துவிட்டுத்தான் விளிப்பார்கள். விளிக்கும்போதே இனத்தின் பெயரையும் சொல்வதால், விளி மூலமாகவே கூட்டாளிகளுக்குத் தன் கையைத் தெரிவிப்பது அங்கே முறையான ஆட்டம். அதற்கென்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மொழி இருக்கும், அதைப் படிக்கத் தனியாகக் காலம் பிடிக்கும். ஒவ்வொரு சீட்டும் இரண்டு என்பதால் ஒரே பிடியில் இரண்டு ஜாக்கி விழலாம், முதலில் விழுந்ததற்குத்தான் பிடி. அதற்காகக் கட்டு வாங்கும்போது பின்புறப் படம் ஒரே மாதிரி உள்ள இரண்டு கட்டாகப் பார்த்து வாங்குங்கள். நிறம் மாறியிருந்தால் எந்தக் கட்டின் சீட்டு யார் கையில் இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும்.